கிரானைட்டில் எண்ணெய் இருந்தால் பழைய விளக்கம் பொய்யா?

வியட்நாமின் பாக் ஹோ எண்ணெய் வயலில், உருகிய பாறைக்குழம்பு இறுகி உருவான கிரானைட்டிலிருந்தே எண்ணெய் வருகிறதே, அப்புறம் எண்ணெய் உயிரினங்களிலிருந்து வந்தது என்பது எப்படிச் சரி என்று கேட்டிருந்தீர்கள். எண்ணெய் கிடைக்கும் இடம்தான் அது பிறந்த இடம் என்றில்லை. அங்கே கிரானைட் புதைந்த மேடாக நிற்கிறது. அதை ஒட்டி ஏரியில் படிந்த களிப்பாறை. அதற்குள் பாசி (டைனோசர் இல்லை!) புதைந்து, வெந்து உருவான எண்ணெய்தான் கிரானைட்டின் விரிசல்களுக்குள் புகுந்திருக்கிறது.

எண்ணெயும் எரிவாயுவும் உயிரினங்களிலிருந்து வரவில்லை, பூமியின் ஆழத்திலிருந்தே வருகின்றன என்ற வானியலாளர் தாமஸ் கோல்டின் வாதத்தை நம்பி ஸ்வீடனின் சில்யானில் 1980களில் 6 கி.மீ.க்கும் ஆழமாகத் துளைத்தார்கள். வணிக அளவுக்கு எதுவும் தேறவில்லை. ஆனால் 1930களிலேயே வேதியியலாளர் ஆல்ஃபிரட் டிரைப்ஸ் கச்சா எண்ணெயில் பச்சையத்தின் எச்சமான போர்ஃபைரின் என்ற சேர்மத்தைக் கண்டுவிட்டார். என்னைக் கேட்டால் எண்ணெய் உயிரினங்களிலிருந்து வந்தது என்பதற்கு அதுதான் வலுவான சாட்சி. மீத்தேன் வாயு மட்டும் வேறு கதை. அது உயிரில்லாமலும் உருவாகும்.