பவுடர் இருக்கட்டும், அஞ்சு மணிக்கு என்ன சாப்பிடுகிறான்?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது, எடை 54 கிலோ. பள்ளி கபடி அணியில் இருக்கிறான். காலை ஐந்தரைக்குப் பயிற்சி. வெறும் டீ குடித்துவிட்டு ஓடுகிறான். அரை மணி நேரத்தில் கண்ணை இருட்டுகிறது என்கிறான். கோச் புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது பவுடர் இல்லை, அந்த டீதான்.

ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டவனுக்கு ஐந்தரைக்குள் ஒன்பதரை மணி நேரம் ஓடிவிடுகிறது. தூக்கத்தில் ரத்தச் சர்க்கரை இறங்காமல் தாங்குவது கல்லீரலில் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன், அதாவது உடல் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரை. விடிவதற்குள் அதில் பெரும்பகுதி கரைந்திருக்கும். தசையிலும் கிளைக்கோஜன் உண்டு. ஆனால் அது அந்தத் தசைக்கு மட்டும்தான். ரத்தத்துக்குக் கைமாற்றுக் கொடுக்காது. கபடியில் ஒரு ரெய்டு 30 விநாடி. அந்த வேகத்துக்கு மாவுச்சத்துதான் எரிபொருள், கொழுப்பு அவ்வளவு சீக்கிரம் எரியாது.

அதனால் கிளம்புவதற்கு அரை மணி முன்னால் ரெண்டு வாழைப்பழம், இல்லை நாலைந்து பேரீச்சை. அந்த நேரத்தில் மெல்லவே பிடிக்காது என்றால் பழைய சோற்றை நன்றாகக் கரைத்து, உப்புப் போட்டு ஒரு சொம்பு கொடுங்கள். மாவுச்சத்து, தண்ணீர், உப்பு மூன்றும் அதில் இருக்கிறது. முட்டையும் எண்ணெய்ப் பலகாரமும் அப்போது வேண்டாம். செரிக்க நேரமாகும், ஓடும்போது வயிற்றைப் புரட்டும்.

முட்டைக்கு நேரம் பயிற்சி முடிந்த பிறகு. நாலு இட்லி, சாம்பார், ரெண்டு முட்டை. டீயை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள், சாப்பாட்டோடு குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது.

சரி, புரோட்டீன். விளையாடும் பையனுக்குக் கிலோவுக்கு சுமார் 1.4 கிராம் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 75 கிராம். மூன்று முட்டையில் 18, ரெண்டு டம்ளர் பாலில் 13, ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 14, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. மீதி சோறு, இட்லி, பருப்பிலேயே வந்துவிடும். ஒரு ஸ்கூப் பவுடரில் இருப்பது ஏறக்குறைய நாலு முட்டைப் புரோட்டீன். விஷம் இல்லைதான், ஆனால் அவனுடைய மயக்கத்துக்கு அது மருந்தும் இல்லை. இன்னொன்று: சில பவுடர்களில் லேபிளில் இல்லாத தடைசெய்யப்பட்ட மருந்து கலந்திருப்பதுண்டு. நாளைக்கு மாநில, தேசிய அளவுக்குப் போய் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினால், தெரியாமல் சாப்பிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கோச்சிடம் இதைச் சொல்லுங்கள், கோபிக்க மாட்டார்.

தண்ணீருக்கு ஒரு எளிய கணக்கு. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றேகால், ஒன்றரை லிட்டர் உள்ளே போக வேண்டும்.

இப்படி ரெண்டு வாரம் சாப்பிட்டும் கண் இருட்டினால் ஹீமோகுளோபின் பாருங்கள். ஆடும்போதே மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலி, படபடப்பு வந்தாலோ காத்திருக்காதீர்கள்; பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே இதய மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்புறம், அவனைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று கேளுங்கள்: எடைப் பிரிவுப் போட்டி எதற்காவது பெயர் கொடுத்திருக்கிறானா? எடைக்கு நிற்பதற்காக ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுவிடும் பையன்களை நிறையப் பார்க்கிறேன். அப்படியென்றால் காலை வாழைப்பழம் போதாது, ராத்திரிச் சோற்றிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.