ரஷ்யாவில் கோதுமை மலிவு. விருதுநகரில் மைதா ஏன் இறங்கவில்லை?

கேள்வி: விருதுநகர் பக்கம் பரோட்டாக் கடையும் அதை ஒட்டி ஒரு சின்ன பேக்கரியும் நடத்துகிறேன். 'உலகச் சந்தையில் கோதுமை விலை சரிவு' என்று செய்தி வரும்போதெல்லாம் மைதா இறங்கும் என்று காத்திருக்கிறேன், இறங்குவதே இல்லை. மொத்த வியாபாரியைக் கேட்டால் உக்ரைன் போர் என்கிறார். உலகத்தில் கோதுமையை யார் விற்கிறார்கள், யார் வாங்குகிறார்கள்? அது என் மூட்டை விலையை எப்படித் தொடுகிறது? விலை குறையும்போது மொத்தமாக வாங்கி வைக்கலாமா? 'ஆஸ்திரேலியக் கோதுமை மைதா' என்று ஒருவர் கூடுதல் விலை சொல்கிறார், நம்பலாமா?

பதில்: உங்கள் மொத்த வியாபாரி சொல்வதில் 2022-ம் ஆண்டுக்கு மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு. அதற்குப் பிறகு அது வெறும் சாக்கு. உங்கள் கடைக்கு வரும் மைதா பெரும்பாலும் மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் பக்கத்துக் கோதுமையில் அரைத்தது. அதன் விலை டெல்லியில் எடுக்கும் முடிவுகளையும், வடக்கே பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அடிக்கும் வெயிலையும் பொறுத்தது. ரஷ்யாவும் உக்ரைனும் கப்பல் ஏற்றும் கருங்கடலில் கோதுமை என்ன விலைக்குப் போனாலும் அந்த மலிவு தூத்துக்குடியைத் தாண்டி உங்கள் கடைக்கு வராது. ஏன் வராது என்பதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன். அதற்கு முன் உலகச் சந்தையை ஒரு பார்வை பார்த்துவிடுவோம்.

உலகத்தில் ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 80 கோடி டன் கோதுமை விளைகிறது. அதில் கடல் தாண்டி விற்பனைக்கு வருவது 20 முதல் 22 கோடி டன்தான். மீதி விளைந்த நாட்டிலேயே தின்று தீர்க்கப்படுகிறது. அதிகம் விளைவிக்கும் நாடுகள் சீனாவும் இந்தியாவும். சீனா 14 கோடி டன்னை ஒட்டி, நாம் 11 கோடிக்கு மேல். ஆனால் ஏற்றுமதிப் பட்டியலின் மேல்வரிசையில் இரண்டு பேரும் கிடையாது. விளைச்சலில் பெரியவர் என்பதும் வியாபாரத்தில் பெரியவர் என்பதும் கோதுமையில் வேறு வேறு. செய்தி படிப்பவர்கள் பாதிப் பேர் குழம்புவது இங்கேதான்.

விற்பவர்கள் ஏழெட்டுப் பேர்தான். முதல் இடம் ரஷ்யாவுக்கு. 2023-24 பருவத்தில் அது மட்டும் 5.5 கோடி டன்னை ஒட்டி விற்றது, உலக வியாபாரத்தில் கால் பங்கு. அடுத்து ஐரோப்பிய ஒன்றியம், அதில் பிரான்சும் ருமேனியாவும் முக்கியம். பிறகு கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, உக்ரைன், அர்ஜென்டினா, கஜகஸ்தான். மழை எங்கே பொய்த்தது என்பதைப் பொறுத்து நடுவில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறுவார்கள். ஒரு காலத்தில் இந்த வியாபாரமே அமெரிக்கா கையில் இருந்தது. 1972-ல் சோவியத் ஒன்றியம் ஓசைப்படாமல் அமெரிக்காவிடம் ஒரு கோடி டன்னுக்கு மேல் கோதுமை வாங்கி, அங்கே ரொட்டி விலையையே கிளப்பிவிட்டது. அன்று வாங்கிய அதே ரஷ்யாதான் இன்று எல்லாருக்கும் விற்கிறது.

ரஷ்யாவால் எப்படி மலிவாகத் தர முடிகிறது? கிராஸ்னதார், ரஸ்தோவ், ஸ்தாவ்ரபோல் என்று தெற்கே இருக்கும் கரிசல் நிலம், விளைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நவரஸீஸ்க் துறைமுகம், அங்கிருந்து இஸ்தான்புல் வழியாக எகிப்துக்குச் சில நாள் பயணம். கனடாக்காரர் உள்நாட்டுச் சமவெளியில் விளைந்ததை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ரயிலில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுவர வேண்டும். அந்தச் செலவு ரஷ்யாவின் தெற்குப் பகுதிக்கு இல்லை. ஆனால் ரஷ்ய அரசும் சும்மா இல்லை. 2021 ஜூனிலிருந்து அது ஒரு மிதக்கும் ஏற்றுமதி வரி போடுகிறது. ஓர் அடிப்படை விலைக்கு மேல் போகும் தொகையில் 70 சதவீதம் அரசுக்கு. உலக விலை ஏறினால் லாபத்தின் பெரும்பங்கு மாஸ்கோவுக்குத்தான், விவசாயிக்கு இல்லை.

வாங்குபவர்கள் ஏராளம், சிதறிக் கிடக்கிறார்கள். எகிப்து, இந்தோனேசியா, துருக்கி, அல்ஜீரியா, வங்கதேசம், பிலிப்பைன்ஸ், மொராக்கோ, நைஜீரியா, பிரேசில், ஜப்பான் என்று பட்டியல் நீளும். இதில் இந்தோனேசியாவில் கோதுமை விளைவதே இல்லை என்று சொல்லலாம். அத்தனை நூடுல்ஸும் ஆஸ்திரேலியா, கனடா, அர்ஜென்டினா, கருங்கடல் கோதுமையில்தான். துருக்கி கதை வேறு. ரஷ்யக் கோதுமையை இறக்கி, அரைத்து, மாவாக இராக், சிரியா, ஆப்பிரிக்கா பக்கம் விற்கிறது. மாவு ஏற்றுமதியில் அதுதான் முதல். சீனா ஒரு வருடம் ஒரு கோடி டன்னுக்கு மேல் வாங்கும், அடுத்த வருடம் அதில் பாதிகூட வாங்காது. அதனால் விற்பவர்கள் எல்லாருக்கும் சீனா மேல் எப்போதும் ஒரு கண்.

எகிப்தைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும். உலக விலை எப்படி உருவாகிறது என்பதை அங்கேதான் நேராகப் பார்க்க முடிந்தது. அங்கே ஏழைகளுக்கு மானிய ரொட்டி உண்டு. 30 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு ரொட்டி 5 பியாஸ்டர் (அந்த ஊர்ப் பைசா) என்றே இருந்தது, 2024 ஜூனில்தான் 20 ஆக்கினார்கள். அந்த ரொட்டிக்காக அரசு நிறுவனம் டெண்டர் விடும். கம்பெனிகள் 'இந்தத் துறைமுகத்தில் ஏற்றித் தருகிறேன், டன் இத்தனை டாலர்' என்று எழுதிக் கொடுக்கும், கப்பல் வாடகை தனி. இரண்டையும் கூட்டி யார் குறைவோ அவருக்கு ஆர்டர், கப்பலுக்கு 50, 60 ஆயிரம் டன். யார் என்ன விலை சொன்னார் என்பது வெளியே வந்துவிடும் என்பதால், அதை வைத்தே அன்றைய உலக விலை இது என்று பேசுவார்கள்.

வாங்குபவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் இஷ்டத்துக்கு நடக்க முடியாது என்பதற்கும் எகிப்தே சாட்சி. கோதுமையில் எர்காட் என்ற பூஞ்சை துளிகூட இருக்கக் கூடாது என்று 2016-ல் அங்கே உத்தரவு போட்டார்கள். உலக வழக்கம் 0.05 சதவீதம் வரை பரவாயில்லை என்பது. டெண்டர் விட்டார்கள், ஒருவரும் வரவில்லை. பதிலுக்கு ரஷ்யா எகிப்தின் ஆரஞ்சு முதலான பழங்களுக்குத் தடை போட்டது. சில வாரங்களில் உத்தரவு வாபஸ். 2024 கடைசியில் இந்தக் கொள்முதல் ராணுவத்தோடு தொடர்புள்ள வேறு அமைப்புக்குப் போனது. இப்போது பேரம் திரைக்குப் பின்னால் அதிகம் நடக்கிறது. விலையை வெளிப்படையாகப் பார்க்க இருந்த வாசல் பாதி மூடிவிட்டது என்பது என் வருத்தம்.

சரி, இனி நம்ம ஊருக்கு வருவோம்.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்ததும் ஒடேசா துறைமுகங்கள் முடங்கின. மார்ச் மாதம் அமெரிக்காவின் சிகாகோ சந்தையில் கோதுமை ஒரு புஷல் 13 டாலரைத் தாண்டியது. புஷல் என்றால் 27 கிலோ சொச்சம், ஆக டன் 500 டாலர் வரைக்கும் போனது. அந்த நேரத்தில் நம் வியாபாரிகள் நன்றாக ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார்கள். 2021-22 நிதியாண்டில் 70 லட்சம் டன் போனது, அதில் பாதிக்கு மேல் வங்கதேசத்துக்கு. ஆனால் அதே மார்ச்சில் பஞ்சாப், ஹரியானாவில் வெயில் கொளுத்தி மணி சுருங்கிப்போனது. முந்தைய ஆண்டு 433 லட்சம் டன் கொள்முதல் செய்த அரசுக்கு அந்த ஆண்டு கிடைத்தது 188 லட்சம் டன். மே 13 அன்று ஏற்றுமதிக்குத் தடை விழுந்தது. அன்றிலிருந்து இந்தியக் கோதுமை வெளியே போவதென்றால் அரசு அனுமதிக்கும் அளவுக்குத்தான்.

பிறகு உக்ரைன் தானியக் கப்பல்களைப் போகவிடும் கருங்கடல் ஒப்பந்தம் வந்தது, 2023 ஜூலையில் அது முறிந்தது, அப்புறம் ருமேனியா, பல்கேரியா கரையோரமாக உக்ரைன் தானே ஒரு பாதை போட்டுக்கொண்டது. சிகாகோ விலை 2024-ல் 6 டாலரைச் சுற்றியே ஆடியது, உச்சத்தில் பாதிகூட இல்லை. இங்கேயோ 2023 ஜனவரியில் விலை ஏறிக்கொண்டே போய், இந்திய உணவுக் கழகம் தன் கிடங்கிலிருந்து 30 லட்சம் டன்னை வெளிச்சந்தைக்கு விட வேண்டி வந்தது. உலகம் இறங்கும்போது நாம் ஏறினோம்.

காரணம் இறக்குமதி வரி. 2016 டிசம்பரில் அது பூஜ்யம். அந்தப் பருவத்தில் 50 லட்சம் டன்னுக்கு மேல் உக்ரைன், ஆஸ்திரேலியக் கோதுமை இறங்கியது, தூத்துக்குடியிலும்தான். பிறகு 10, 20, 30 என்று ஏறி, 2019 ஏப்ரலில் 40 சதவீதம் ஆனது.

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் உதாரணத்துக்குத்தான், அன்றன்றைய விலையை நீங்கள் போட்டுக்கொள்ளலாம். நவரஸீஸ்கில் டன் 230 டாலர். தூத்துக்குடி வரை கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் 45. ஆக 275 டாலர். டாலர் 85 ரூபாய் என்றால் குவிண்டால் 2,340 ரூபாய் வருகிறது. துறைமுகச் செலவு, லாரி எல்லாம் சேர்த்து மில் வாசலில் 2,500 ரூபாய். மத்தியப் பிரதேசத்தில் மண்டியில் 2,500-க்கு வாங்கியது மண்டிக் கட்டணம், ரயில் வாடகை, ஏற்று இறக்குக் கூலி சேர்த்து இங்கே வரும்போது 2,850 என்று வையுங்கள். கப்பல் கோதுமைதான் 350 ரூபாய் மலிவு. இப்போது 275 டாலருக்கு 40 சதவீத வரியைப் போடுங்கள். 110 டாலர், குவிண்டாலுக்கு 935 ரூபாய். அது 3,400-ஐத் தாண்டிவிடுகிறது. எந்த மில்லும் வாங்காது. ரஷ்யாவில் இன்னும் 30 டாலர் குறைந்தாலும் வாங்காது. உங்கள் கேள்விக்கான பதில் இந்த 935 ரூபாயில் இருக்கிறது.

இந்த வரியை அடியோடு எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அறுவடை நேரத்தில் மலிவுக் கோதுமை இறங்கினால் வடக்கே விவசாயி நொந்துபோவான், அவன் அடுத்த வருடம் கோதுமை போடவில்லை என்றால் நமக்குத்தான் சிக்கல். ஆனால் 40 சதவீதம் என்பது வரி என்ற பெயரில் போட்ட பூட்டு. வயலிலிருந்து 1,500 கிலோமீட்டர் தள்ளி, கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் தெற்கத்தி மில்களுக்கு, வரத்து குறையும் மாதங்களிலாவது வரியைத் தளர்த்தலாம். மில்காரர்கள் இதைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

(இலங்கையில் இதைப் படிக்கும் பேக்கரிக்காரர்களுக்கு நிலைமை நேர் எதிர். அங்கே கோதுமை விளையாது, திருகோணமலையிலும் கொழும்பிலும் கப்பலில் இறங்கி அரைபடுகிறது. உலக விலையும் டாலரும் பாண் (ரொட்டி) விலையை நேரே தொடும். 2022-ல் டாலர் 200 ரூபாயிலிருந்து 360-க்குப் போனபோது அதை நீங்களே பார்த்தீர்கள்.)

ஆகவே நீங்கள் கவனிக்க வேண்டியது சிகாகோவை இல்லை. பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் முடியும்வரை பஞ்சாப், ஹரியானா, மத்தியப் பிரதேச வெயில் எப்படி என்று பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் அரசுக் கொள்முதல் எத்தனை லட்சம் டன் என்று செய்தியில் வரும். 300 லட்சத்தைத் தொட்டால் நிம்மதி, 200-க்குக் கீழே போனால் தீபாவளிக்கு மேல் விலை ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் உணவுக் கழகம் தன் கிடங்குக் கோதுமையை விற்கும் இ-ஏலம். அது எப்போது தொடங்குகிறது, அடிப்படை விலை என்ன என்பதை உங்கள் மில் ஏஜென்ட் அன்றன்றே சொல்லிவிடுவார். இதோடு தவிட்டு விலையையும் விசாரியுங்கள். மைதா அரைக்கும்போது கோதுமையில் ஏறத்தாழ கால் பங்கு தவிடாகப் போகிறது, அது மாட்டுத் தீவனம். தவிடு நல்ல விலை போனால் மில்காரர் மைதாவில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார். தவிடு படுத்தால் அந்த நஷ்டம் உங்கள் மூட்டையில் ஏறும். கோதுமை விலை அசையாமலே மைதா ஏறுவதற்கு இது ஒரு காரணம், பலர் கேட்பதே இல்லை.

ஆஸ்திரேலியக் கோதுமை மைதா விஷயம்: எனக்கு நம்பிக்கை இல்லை. வரி கட்டாமல் கோதுமை இறக்க ஒரு வழி உண்டு. அரைத்ததை மாவாகவோ பிஸ்கட்டாகவோ ஏற்றுமதி செய்கிறேன் என்று உரிமம் வாங்க வேண்டும். அந்தச் சரக்கை உள்ளூரில் விற்கக் கூடாது. முழு வரியும் கட்டி இறக்கியது என்றால், மேலே போட்ட கணக்குப்படி விலை எங்கேயோ இருக்கும். 50 கிலோ மூட்டைக்கு ஐம்பது, நூறு மட்டும் கூடுதலாகச் சொல்கிறார் என்றால் கணக்கு உதைக்கிறது. ஊர்ப் பெயரை விட்டுவிட்டு, மாவுக்கு இழுவை தரும் புரதமான குளூட்டன் எவ்வளவு என்று கேளுங்கள். உணவுப் பாதுகாப்பு விதிப்படி மைதாவில் குறைந்தது 7.5 சதவீதம் இருக்க வேண்டும். பரோட்டா வீச்சுக்கு இழுவை வேண்டும் என்பதால் உங்களுக்கு அதைவிடக் கூடுதலாகவே தேவை, பிஸ்கட்டுக்குக் குறைவே நல்லது. மில்லில் ஒவ்வொரு லாட்டுக்கும் பார்த்து வைத்திருப்பார்கள், கேட்டால் தருவார்கள். தராதவரிடம் கூடுதல் விலை கொடுக்க ஒன்றுமில்லை.

மொத்தமாக வாங்கி வைப்பது பற்றி: கோதுமை ஏப்ரல், மே மாதம் மலிவு, டிசம்பருக்கு மேல் ஏற்றம். அது மில்காரருக்கான லாபம், அவரிடம் கோதுமையாகச் சேமிக்கக் கிடங்கு இருக்கிறது. நீங்கள் மாவாகச் சேமித்தால் வண்டு விழும், மழைக்காலத்தில் கட்டி தட்டும். ஒரு மாதச் சரக்குக்கு மேல் வைக்காதீர்கள். இன்னொன்று, மே, ஜூன் மாதங்களில் மில்கள் புதுக் கோதுமைக்கு மாறும்போது மாவு பிசுபிசுக்கும், பரோட்டா மாவு வீசும்போது கிழியும். உங்கள் மாஸ்டர் இதைக் கவனித்திருப்பார். ஆகவே மலிவு என்று மே மாதம் அள்ளிப் போடாமல், பழைய கோதுமை எவ்வளவு கலக்கிறீர்கள் என்று மில்லில் கேட்டு வாங்குங்கள். ஜூலை வாக்கில் புதுக் கோதுமை கொஞ்சம் ஆறியிருக்கும். அப்போது அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஏஜென்டிடம் போய், 'அடுத்த மூன்று மாதத்துக்கு இந்த விலை, வாரம் இத்தனை மூட்டை' என்று பேசிப் பாருங்கள். தனியாகப் போனால் அந்தப் பேச்சுக்கே இடம் இருக்காது.