ரிவர் கன்ட்ரி – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஃப்ளோரிடாவில் டிஸ்னி கைவிட்ட ரிவர் கன்ட்ரி வாட்டர் பார்க் பற்றி யூடியூபில் ஒரு காணொளி பார்த்தேன். மூளையைத் தின்னும் அமீபா ஒரு சிறுவனைக் கொன்றதால் ராத்திரியோடு ராத்திரியாக மூடிவிட்டார்கள் என்கிறார்கள். உண்மையா? கேரளச் செய்திகளைப் படித்ததிலிருந்து என் பையனை வாய்க்காலில் இறங்க விடவே பயமாக இருக்கிறது.

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

சிறுவன் இறந்தது உண்மை. 1980 கோடை, 11 வயதுப் பையன். ஆனால் பூங்கா மூடியது 2001 நவம்பரில். நடுவே 21 வருஷம் ஜனங்கள் குளித்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1982இலும் 1989இலும் அங்கே இரண்டு சிறுவர்கள் நீரில் மூழ்கி இறந்தார்கள். அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, அமீபா அளவுக்கு அதில் விறுவிறுப்பு இல்லை போலும்.

1976 ஜூனில் திறந்த அது டிஸ்னியின் முதல் வாட்டர் பார்க். ஒரு நீச்சல் குளமும் இருந்தது, ஆனால் கூட்டம் வந்தது அதற்காக அல்ல. பே லேக் ஏரியின் ஓரத்தைத் தடுத்து, அடியில் மணல் பரப்பி, செயற்கைப் பாறைகளுக்கு நடுவே சறுக்குகள் வைத்திருந்தார்கள். கயிற்றைப் பிடித்து ஆடி ஆற்றில் குதிப்போமே, அந்தச் சுகத்துக்குத்தான் டிக்கெட். ஏரித் தண்ணீரையே வடிகட்டி மேலே ஏற்றிச் சறுக்கு வழியாக விட்டார்கள். தடுத்த பகுதியின் நீர்மட்டம் ஏரியைவிடச் சற்று உயரம். அதனால் உள்ளே இருப்பது வெளியே வழியும், ஏரித் தண்ணீர் திரும்பி வராது. மடை திறந்து பழகிய உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பூங்காவை முடித்தது அதன் தம்பிகள்தான் என்பது என் கணிப்பு. டிஸ்னியே 1989இல் டைஃபூன் லகூன், 1995இல் பிளிஸர்ட் பீச் என்று இரண்டு வாட்டர் பார்க்குகளைப் பக்கத்திலேயே திறந்தது. இரண்டும் பிரம்மாண்டம். ரிவர் கன்ட்ரி சின்னது, பழசு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு அப்புறம் சுற்றுலாவும் படுத்துவிட்டது. வழக்கமான பருவ விடுமுறை மாதிரி மூடினார்கள், அடுத்த வருஷம் திறக்கவில்லை, அவ்வளவுதான். நிரந்தரமாக மூடியாயிற்று என்று சொன்னதே 2005இல். அதற்குப் பிறகும் பல வருஷம் சறுக்குகளில் கொடி படர்ந்து கிடக்க, வேலிக்கு இந்தப் பக்கம் டிஸ்னியின் முகாமில் குடும்பங்கள் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்தன. 2016இல் நீச்சல் குளத்தை நிரப்பி மூடினார்கள். மிச்சத்தை 2019இல் இடித்தார்கள், ஹோட்டல் கட்ட.

சரி, உங்கள் பையன் விஷயம். அந்த அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் இருப்பது. குடித்தால் நோய் வராது, மூக்கு வழியாக ஏறினால்தான் ஆபத்து. கோடையில் தேங்கிக் கிடக்கும் தண்ணீரில் முங்க விடாதீர்கள். மற்றபடி, குதிக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.