மங்கலான ஒளி ஒருவருக்குத் தெரிந்து இன்னொருவருக்குத் தெரியாவிட்டால், முதலாமவருக்குக் கண் கூர்மை என்று அர்த்தமா?

இல்லை, அதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. நம் கண் அபாரமானதுதான்: இருட்டுக்கு நன்றாகப் பழகிய பிறகு, விழித்திரையின் குச்சிச் செல்கள் 5 முதல் 14 ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை, உள்வாங்கினாலே ஒளி தெரிந்துவிடும் என்று 1942-ல் ஹெக்ட், ஷ்லேயர், பிரென் என்ற மூன்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஆனால் அந்தக் குச்சிச் செல்கள் ஒளியே இல்லாதபோதும் வெப்பத்தால் தாமாகவே அவ்வப்போது தூண்டப்படும், மூளைக்கு வந்து சேர்வது நிஜ ஒளியா வெறும் இரைச்சலா என்று பிரித்துப் பார்க்க வழியில்லை, அதனால் "இவ்வளவுக்கு மேல் வந்தால் தெரிந்தது என்று சொல்வேன்" என ஒவ்வொருவரும் தன்னையறியாமலே ஒரு கோடு போட்டுக்கொள்கிறார்.

இப்போது 100 முறை மங்கலான ஒளியும் 100 முறை வெறும் இருட்டும் கலந்து காட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவர் ஒளியை 90 முறை சரியாகச் சொல்கிறார், ஆனால் வெறும் இருட்டிலும் 50 முறை "தெரிந்தது" என்கிறார். இரண்டாமவர் ஒளியை 60 முறைதான் சொல்கிறார், இருட்டில் ஏமாந்தது 15 முறை மட்டுமே. யாருக்குக் கண் கூர்மை?

இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றேதான்! வெறும் இரைச்சல் இருக்கும்போதும் ஒளி சேரும்போதும் மூளைக்கு வரும் தூண்டலின் அளவு எப்படி மாறுகிறது என்பதை ஒரே அகலமுள்ள இரண்டு மணி வடிவ வளைவுகளாக எடுத்துக்கொண்டால், அவற்றின் உச்சிகளுக்கு இடையிலான தூரம், வளைவின் பரவலை (திட்ட விலக்கத்தை) அலகாக வைத்து அளந்தால், அதுதான் உணர்திறன். டி-பிரைம் என்று சொல்வார்கள். இருவருக்கும் அது சுமார் 1.3 வருகிறது, வேறுபடுவது கோடு மட்டும்தான். இதைச் சமிக்ஞை கண்டறிதல் கோட்பாடு என்பார்கள், எனக்கு அதில் மிகவும் பிடித்த இடமே இதுதான்.

அந்தக் கோடு நகரக்கூடியது. தவறாகச் சொன்னால் அபராதம் என்றால் அதே ஆள் தயங்குவார், தவறவிட்டால் ஆபத்து என்றால் சின்னச் சந்தேகத்துக்கும் "ஆமாம்" என்பார்.