ஏ.இ.டி. கருவியை எங்கே மாட்டுவது, யார் எடுப்பது?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்கு பிளாக்குகள் இருக்கின்றன. சென்ற மாதம் காலை நடைப்பயிற்சியின்போது பெரியவர் ஒருவர் சுருண்டு விழுந்தார். 108 வருவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. அதன்பின், இதயம் திடீரென நின்றவருக்கு மின்னதிர்ச்சி (ஷாக்) தரும் ஏ.இ.டி. கருவி ஒன்றைச் சங்கத்தின் சார்பில் வாங்கத் தீர்மானித்தோம். மருத்துவம் படிக்காதவர்கள் ஷாக் கொடுத்து விபரீதம் ஆகிவிட்டால் என்ன செய்வது என்று சிலர் அஞ்சுகிறார்கள். விலை உயர்ந்த பொருள் என்பதால் அலுவலக அறையில் பூட்டி, சாவியைச் செயலாளரிடம் வைக்கலாமா?
– குடியிருப்போர் சங்கப் பொருளாளர், சென்னை

பதில்: சாவியைப் பற்றிய கேள்விக்கே முதலில் வருகிறேன். பூட்டி வைப்பதானால் அந்தக் கருவியை வாங்க வேண்டாம். இதயம் நின்றபின், நெஞ்சை அழுத்துவதும் மின்னதிர்ச்சி தருவதும் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை ஏறத்தாழ 7 முதல் 10 சதவீதம் குறைத்துவிடுகிறது. 1999-இல் சிகாகோ நகரின் விமான நிலையங்களில், எவரும் எடுத்துப் பயன்படுத்தும் வகையில் இக்கருவிகளை ஆங்காங்கே மாட்டினார்கள். ஈராண்டுகளில் 18 பேருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றபோது 11 பேர் மீட்கப்பட்டார்கள். ஐந்து நிமிடங்களுக்குள் கருவி வந்து சேராத நால்வரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. மீட்கப்பட்டவர்களில் ஆறு பேருக்குக் கருவியை இயக்கியவர்கள் அதில் பயிற்சியோ அனுபவமோ இல்லாதவர்கள். அவர்களில் மூவர் மருத்துவம் படித்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவதுதான் முறை.

இனி, அச்சத்தைப் பற்றி. நாம் எல்லாவற்றையும் 'மாரடைப்பு' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மாரடைப்பில் இதயத்துக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுகிறது. நோயாளி பெரும்பாலும் நினைவோடு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வியர்த்தபடி நம்மிடம் பேசுவார். அவருக்கு ஏ.இ.டி. தேவையில்லை, ஆம்புலன்ஸ்தான் தேவை. கார்டியாக் அரெஸ்ட் எனப்படும் இதயத் துடிப்பு முடக்கம் வேறு. அதில் பல நேரங்களில் இதயத்தின் மின்னோட்டம் குழம்பி, கீழறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்குகின்றன. இரத்தம் மூளைக்கு ஏறாததால் சில நொடிகளில் நினைவு தப்புகிறது. மாரடைப்பே இதற்குக் காரணமாகவும் அமையலாம். மார்பில் ஒட்டிய இரண்டு பட்டைகள் வழியாகத் துடிப்பைப் படித்து, இந்த நடுக்கமோ உயிருக்கு ஆபத்தான அதிவேகத் துடிப்போ இருந்தால் மட்டுமே கருவி மின்னதிர்ச்சிக்கு ஆயத்தமாகிறது. சீராகத் துடிக்கும் இதயத்துக்கு நீங்கள் பொத்தானை அழுத்தினாலும் ஷாக் போகாது. திரைப்படங்களில் மானிட்டரில் நேர்கோடு ஓடும்போது ஷாக் கொடுத்து எழுப்புவார்களே, அதுவும் நடவாது. நேர்கோட்டுக்கு ஷாக் இல்லை, கைகளால் அழுத்துவது மட்டும்தான்.

என் அனுபவத்தில் பிழை நேர்வது கருவியில் அல்ல, அதற்கு முந்தைய ஒரு நிமிடத்தில். விழுந்தவருக்குத் தொடக்கத்தில் கை கால் சற்று வெட்டி இழுக்கலாம். உடனே வலிப்பு என்று எண்ணி இரும்புச் சாவியைக் கையில் திணிப்பார்கள். வாய் திறந்து மீன்போல விட்டு விட்டு ஏங்குவதைக் கண்டு, மூச்சு இருக்கிறதே என்று முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். அது மூச்சு அல்ல. தோளைத் தட்டி அழைத்தும் விழிக்காமல், இயல்பாக மூச்சும் விடாமல் கிடப்பவருக்கு இதயம் நின்றுவிட்டது என்றே கொள்ளுங்கள்.

அப்போது ஒருவர் 108-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போட வேண்டும், ஒருவர் கருவிக்கு ஓட வேண்டும், ஒருவர் அங்கேயே மண்டியிட்டு அழுத்தத் தொடங்க வேண்டும். கட்டிலிலோ மெத்தையிலோ அல்லாமல் கெட்டியான தரையில் மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சின் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்றி, அதன்மேல் மறு கையை வைத்து, முழங்கை மடங்காமல் 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தி விட வேண்டும். இரண்டு நிமிடத்தில் கை தளரும், ஆள் மாறுங்கள்.

கருவி வந்ததும் முதலில் அதை இயக்குங்கள், பிறகு அது சொல்வதைக் கேளுங்கள். வாங்கும்போதே குரல் எந்த மொழியில் வரும் என்று விசாரித்துவிடுவது நல்லது. இரவுக் காவலாளிக்குப் புரியாத மொழியில் அது பேசிப் பயனில்லை. ஒரு பட்டை வலது காறையெலும்புக்குக் கீழே, மற்றொன்று இடது அக்குளுக்குக் கீழே விலாவில். பட்டையிலேயே படம் இருக்கும். வியர்வையும் யாரோ தேய்த்த தைலமும் இருந்தால் ஒட்டாது, துண்டால் துடைத்துவிடுங்கள். பெண்ணாயின் தயங்காமல் ரவிக்கையைக் கத்தரித்து, தாலிச் சங்கிலியை ஒதுக்கிவிட்டு ஒட்ட வேண்டும். இதயத் துடிப்பைச் சீராக்கப் பொருத்திய பேஸ்மேக்கர் தோலுக்கடியில் புடைப்பாகத் தெரிந்தால் பட்டை அதன்மேல் படக்கூடாது. கருவி துடிப்பைப் படிக்கும்போதும் ஷாக் தரும்போதும் எவரும் உடலைத் தொடக்கூடாது. ஷாக் முடிந்த கணமே மீண்டும் அழுத்துங்கள். 108 ஊழியர்கள் வரும்வரை பட்டைகளைப் பிரிக்க வேண்டாம்.

மாட்டும் இடம்: இரவு பகலாகக் காவலாளி இருக்கும் வாயிலருகே, பூட்டில்லாத பெட்டியில், வெயில் படாத சுவரில். பல மாதிரிகள் 50 டிகிரி வரைதான் தாங்கும். சென்னையில் கோடை வெயில் நேரே விழும் இரும்புப் பெட்டி அதைத் தாண்டிவிடும். ஒரு கத்தரிக்கோல், மார்பில் அடர்ந்த முடியை மழிக்க ஒரு ரேசர், ஒரு துண்டு கூடவே இருக்கட்டும். பச்சை விளக்கு எரிகிறதா என்று வாரந்தோறும் பார்த்துக் கையெழுத்திட ஒருவரை நியமியுங்கள். பட்டைகளின் பசை காய்ந்துவிடும் என்பதால் ஏறத்தாழ ஈராண்டுக்கொரு முறை மாற்ற வேண்டியிருக்கும். பொருளாளர் என்ற முறையில் அந்தச் செலவையும் பேட்டரிச் செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள்.

இறந்துபோன பெரியவரைக் கருவி காப்பாற்றியிருக்குமா என்று நான் சொல்ல முடியாது. அவரது வீட்டாரிடம் எவரும் அப்படிச் சொல்லவும் வேண்டாம். கருவி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, கையில் கடிகாரத்தோடு ஒவ்வொரு பிளாக்கின் மேல்மாடியிலிருந்தும் ஒருவரை ஓடிவரச் செய்யுங்கள். லிஃப்டுக்குக் காத்திருந்து, கருவியை எடுத்து, திரும்பிச் சேர மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும் பிளாக் எதுவோ, இரண்டாவது கருவியை அங்கே மாட்டுங்கள்.