அஸ்பெல்தாவின் ஏழு தாய்மார்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,
இன்றைய சூடானில் இருந்த பண்டைய குஷ் நாட்டின் அரசர் அஸ்பெல்தாவைப் பற்றிப் படித்தேன். அண்ணன் அன்லமானிக்குப் பிறகு தம்பி அரியணை ஏறியிருக்கிறார். அங்கே தாய்வழி வாரிசுரிமைதான் சட்டமா? ஆமுன் தெய்வம் தேர்ந்தெடுத்தது என்பது பூசாரிகளின் நாடகம்தானே? கல்லறை எங்கே இருக்கிறது?
— வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கல்லறை சூடானின் நூரியில், 8ஆம் எண் பிரமிடு. நாடகம் என்ற தீர்ப்பு கல்வெட்டைப் படிக்காமலே எழுதக்கூடியது, அதை விடுங்கள். நல்ல கேள்வி முதலாவதுதான். நானும் சில நாட்களாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சட்டம் என்று ஒன்று இருந்திருந்தால் ஜெபல் பர்கல் மலையடியில் படை அப்படித் தவித்திருக்குமா? அஸ்பெல்தா தேர்வான கதையைச் சொல்லும் கல்வெட்டு 1862இல் அங்கேதான் கிடைத்தது; அதைப் பொறுமையாகப் படியுங்கள். மன்னர் இல்லை. நம் அரசர் நம்மிடையேதான் இருக்கிறார், ஆனால் யாரென்று தெரியவில்லை என்கிறது படை. அதிகாரிகளோடு ஆமுன் கோயிலுக்குப் போகிறார்கள். அரச சகோதரர்களை முதலில் தெய்வத்தின் முன் நிறுத்துகிறார்கள். ஒருவரையும் அது ஏற்கவில்லை. பிறகு அஸ்பெல்தாவை நிறுத்துகிறார்கள். இவனே அரசன் என்கிறது தெய்வம்.

உடனே காரணமும் சொல்கிறது. தந்தையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, தாய், தாயின் தாய் என்று ஏழு தலைமுறைப் பெண்களை அடுக்குகிறது. சகோதரர்கள் பலருக்குத் தந்தை ஒருவராகவே இருக்கலாம்; ஆளைப் பிரித்துக் காட்டுபவள் தாய். அந்த வரிசையில் எகிப்தின் தீப்ஸ் நகர ஆமுனின் தலைமைப் பூசகி ஒருவரும் வருகிறார். அந்தப் பூசகிகள் தத்தெடுத்தே வாரிசை அமைத்தவர்கள். ஆகவே அந்த வரிசையை வெறும் ரத்த உறவாக வாசிக்காதீர்கள். தாய்வழி மட்டுமே போதும் என்றால் தந்தையும் அரசராயிருக்கத் தேவையில்லை. அன்லமானி, அஸ்பெல்தா இருவருக்கும் தாய் நசல்சா, தந்தை மன்னர் செங்கமனிஸ்கென். தாய், தந்தை, படை, தெய்வம் எல்லாம் கூடிவந்தால்தான் கிரீடம். இதை ஒற்றைச் சொல்லில் அடைக்க ஏன் இத்தனை அவசரம்?

இன்னொன்றையும் பாருங்கள். அந்தக் கல்லில் அஸ்பெல்தாவின் பெயர், தந்தையின் பெயர், அந்த ஏழு பெண்களின் பெயர்கள் எல்லாம் உளியால் கொத்தப்பட்டிருக்கின்றன. அரசரின் பட்டப்பெயர்களுள் ஒன்றான ஹோரஸ் பெயர் தப்பியதால்தான் கல் யாருடையது என்றே தெரிகிறது. கி.மு. 593இல் குஷ் மீது படையெடுத்த எகிப்து மன்னர் இரண்டாம் சாம்திக்கின் ஆட்கள் மேல் பழி போடுவது சுலபம். கெர்மாவுக்கு அருகே துக்கி கெல்லில் 2003இல் ஒரு குழியிலிருந்து ஐந்து குஷ் மன்னர்களின் ஏழு சிலைகள் துண்டுதுண்டாகக் கிடைத்தன, அஸ்பெல்தாவின் சிலை உட்பட. அந்நியப் படை செய்யும் வேலை அது. ஆனால் கல்வெட்டில் பாட்டிமார் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிக் கொத்த அவர்களுக்கு என்ன தேவை? உரிமை அந்தப் பெயர்களில் இருக்கிறது என்று தெரிந்தவன்தான் அவற்றைத் தொடுவான். அது அரச குடும்பத்துக்குள்ளிருந்து வந்த உளி என்றே நான் நினைக்கிறேன்.