விக்கித் தளத்தை கிட் வைத்து அப்டேட் செய்வது லாபமா?

கேள்வி: எங்கள் சனசமூக நிலையம் ஊர் ஆவணங்களுக்காக மீடியாவிக்கி தளம் ஒன்று நடத்துகிறது. புது வெர்சன் வரும்போதெல்லாம் சிப் பைலை இறக்கி எஃப்டிபி வழியாக ஏற்றுகிறோம். கிட்டுக்கு மாறுவதில் பயன் உண்டா?

உண்டு. கிட் என்பது நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கருவி. சேர்வரில் எஸ்எஸ்எச் வசதி (தூரத்திலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) இருந்தால் தயங்காமல் மாறுங்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய மாணவர் சங்கத்தின் விக்கியை நான் இப்படித்தான் பராமரிக்கிறேன்.

எஃப்டிபியில் ஆயிரக்கணக்கான சின்னப் பைல்கள் ஒவ்வொன்றாக ஏறவேண்டும். 2022 இல் நாளுக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் போன காலத்தை நினைத்துப் பாருங்கள். நடுவழியில் ரூட்டர் நின்றால் தளம் பாதி பழசு, பாதி புதுசாகக் கிடக்கும். கிட் என்றால் சேர்வரே நேரடியாக இறக்கிக்கொள்ளும். நம் இணைப்பு கட்டளை கொடுப்பதற்கு மட்டும்தான். இணைப்பு அறுந்தாலும் கட்டளையை சேர்வரில் தொடர்ந்து ஓடவைக்கும் டிமக்ஸ் என்ற புரோகிராமுக்குள் ஓடவிட்டால் வீட்டில் கரண்ட் போனாலும் அங்கே வேலை நடந்துகொண்டிருக்கும்.

ஆனால் எனக்கு கிட் பிடித்ததற்குக் காரணம் வேகம் இல்லை. எது மென்பொருளோடு வந்தது, எது நாங்கள் கைவைத்தது என்று அது காட்டிக்கொடுக்கும். தளம் என் பொறுப்புக்கு வந்தபோது, முன்பு பார்த்தவர்கள் உள்ளே எதையோ மாற்றியிருக்கிறார்கள் என்று தெரியும், எங்கே என்று தெரியாது. அதே வெர்சனை கிட்டில் இறக்கி, தளத்திலிருந்த பைல்களை அதன்மேல் போட்டு ‘கிட் டிஃப்’ கொடுத்தேன். தமிழ் எழுத்துருவுக்காக ஒரு ஸ்டைல் பைலில் சேர்த்த நாலைந்து வரிகள் பச்சையாகத் தெரிந்தன. அவற்றை விக்கியின் உள்ளேயே இருக்கிற கொமன் சிஎஸ்எஸ் பக்கத்துக்கு மாற்றிவிட்டேன். இனி எந்த அப்டேட்டும் அவற்றை அழிக்காது.

இன்னொன்று, பலர் கவனிப்பதில்லை: புது வெர்சனில் நீக்கப்பட்ட பைல்கள், எஃப்டிபியில் மேலே ஏற்றும்போது போகாமல் அப்படியே கிடக்கும். பாதுகாப்புக்கு அது நல்லதல்ல. கிட்டில் அடுத்த வெர்சனை செக்கவுட் செய்தால், அதாவது அதற்கு மாறினால், அவையும் போய்விடும்.

கிட்டில் நிரல் பல கிளைகளாக, அதாவது தனித்தனிப் பாதைகளாக, இருக்கும். மாஸ்டர் கிளையை எடுக்காதீர்கள், அது வளர்ந்துகொண்டிருக்கும் நிரல். நீண்டகால ஆதரவு உள்ள வெர்சனின் கிளையை எடுங்கள். 2024 டிசம்பரில் வந்த 1.43 அப்படிப்பட்டது, மூன்று ஆண்டுகள் ஆதரவு. பாதுகாப்புத் திருத்தங்கள் அந்தக் கிளைக்கே வந்துசேரும். ‘கிட் புல்’ (புதிய திருத்தங்களை இறக்கும் கட்டளை) செய்த கையோடு சப்மொட்யூல் அப்டேட்டும் செய்யவேண்டும். கூடவே வரும் ஸ்கின்கள், எக்ஸ்டென்சன்கள், வெண்டர் ஃபோல்டர் எல்லாம் சப்மொட்யூல்களாக இணைந்த தனித்தனி கிட் களஞ்சியங்கள். இதை விட்டால் தளம் திறக்காமலே போகலாம். அப்புறம் மெயின்டனன்ஸ் ஃபோல்டரில் இருக்கும் அப்டேட் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள்.

அந்த ஸ்கிரிப்ட் தரவுத்தளத்தின் அமைப்பையே மாற்றும். தரவுத்தளம் கிட்டுக்குள் இல்லை. நிரலை ஒரு கட்டளையில் பழைய இடத்துக்குக் கொண்டுபோகலாம், தரவுத்தளம் கூட வராது. ஆகவே ஒவ்வொரு தடவையும் முதல் வேலை மைஎஸ்கியூஎல் டம்ப் (தரவுத்தளத்தின் முழுப் பிரதி), அதோடு இமேஜஸ் ஃபோல்டரின் பிரதி. ஊர்ச் சனம் தேடிக் கொண்டுவந்து தந்த படங்களும் பத்திரங்களும் அங்கேதான் இருக்கின்றன. இந்த ஒரு விஷயத்தில் அவசரப்படவே கூடாது.

தளத்தின் அமைப்புகள் உள்ள லோக்கல் செட்டிங்ஸ் பைலை மீடியாவிக்கியின் கிட் களஞ்சியம் தன் பதிவில் சேர்க்காமல் தானே ஒதுக்கிவைத்திருக்கும். அதில் தரவுத்தளக் கடவுச்சொல் இருப்பதால் பொதுக் களஞ்சியம் எதிலும் போடாதீர்கள். கிட் தன் பதிவுகளை வைக்கும் டொட் கிட் ஃபோல்டரையும் வெளியிலிருந்து யாரும் பிரவுசரில் திறக்க முடியாதபடி உங்கள் வெப் சேர்வரான அப்பாச்சியிலோ இஞ்சின்எக்ஸிலோ தடுத்துவையுங்கள்.

நீங்கள் தனியாகச் சேர்த்த எக்ஸ்டென்சன்கள் இருந்தால் அவற்றையும் கிட்டிலேயே எடுங்கள். அநேகமானவற்றுக்கு மீடியாவிக்கியின் வெர்சன் பெயரிலேயே கிளை இருக்கும். நிரல் 1.43 இல் நின்றால் அவையும் 1.43 கிளையில் நிற்கட்டும்.